நாடு முழுக்க நெட் போவதும் மண்சரிவில் ஃபைபர் அறுவதும் ஒன்றா?

ஹட்டிவாசகர், கோத்தகிரி

எங்கள் ஊர் நூலகத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு எடுக்கப் போகிறோம். சிரியா, லிபியா, சூடான் உள்நாட்டுப் போர்களின்போது நாடே இணையத்தை இழந்தது பற்றி. மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து ஃபைபர் அறுவது பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். அதுவும் இதுவும் ஒன்றுதானே என்று கேட்பார்கள். தொழில்நுட்பமாக என்ன வித்தியாசம்? மண்சரிவுக்காகச் செய்து வைக்கிற ஏற்பாடு அந்த மாதிரி நிலைமைக்கும் உதவுமா? கையில் செய்து காட்டக் கூடியது ஏதாவது இருந்தால் இன்னும் நல்லது.

ரவுட்டர்மணி, குன்னூர்

வெளியே பார்க்க ஒன்று போலத் தெரியும், உள்ளே வேறு. ஃபைபர் அறுந்தால் ஒரு பாதை போகிறது. வேறு மலைப்பாதையில் இன்னொரு ஃபைபர் இருந்தால் டிராஃபிக் அதில் திரும்பிவிடும். வேகம் குறையும், அவ்வளவுதான். நாட்டையே நிறுத்தும்போது கேபிளை யாரும் தொட வேண்டியதில்லை. 'இந்த ஐபி முகவரிகளுக்கு என் வழியாக வாருங்கள்' என்று ஒவ்வொரு நெட்வொர்க்கும் உலகத்துக்கு அறிவித்துக்கொண்டே இருக்கும். அந்த பிஜிபி அறிவிப்பைத் திரும்பப் பெற்றால் போதும். கேபிள் உயிரோடு இருக்கும், ஆனால் அந்த நாட்டுக்கு எப்படிப் போவது என்று வெளியே ஒரு ரவுட்டருக்கும் தெரியாது.

சிரியாவில் 2012 நவம்பர் 29 மதியம் நடந்தது இதுதான். சில நிமிடங்களுக்குள் நாட்டின் முகவரிகள் ஏறக்குறைய எல்லாம் உலக ரவுட்டிங் அட்டவணையிலிருந்து காணாமல் போயின. பயங்கரவாதிகள் கேபிளை வெட்டிவிட்டார்கள் என்றது அரசு. மூன்று கடல் கேபிள் தார்ட்டூஸில் கரையேறுகிறது, நான்காவது துருக்கியிலிருந்து தரை வழியாக வருகிறது. நான்கும் ஒரே சில நிமிடத்தில் அறுந்தது என்றால் நம்ப ஆள் கிடைக்காது. டிசம்பர் 1 அன்று திரும்ப வந்தது. இவ்வளவு சுலபமாக முடிந்ததற்குக் காரணம், வெளியே போகிற எல்லாமே ஒரே அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கையில் இருந்தது.

லிபியா இன்னும் தந்திரம். 2011 மார்ச் தொடக்கத்தில் பிஜிபி அறிவிப்புகள் அப்படியே இருந்தன, தகவலைச் சுமக்கும் பாக்கெட் மட்டும் ஓடவில்லை. அட்டவணையை மட்டும் பார்த்தவருக்கு நாடு ஆன்லைனில் இருப்பதாகத்தான் தெரிந்திருக்கும். திரிப்பொலி விழுந்த ஆகஸ்ட் வரை அதே நிலைமைதான்.

வகுப்பில் செய்து காட்ட ஒரு சோதனை இருக்கிறது. ஒரு லேப்டாப்பில் முதலில் வீட்டு ரவுட்டரை பிங் செய்யச் சொல்லுங்கள் (பிங் என்றால் 'இருக்கிறாயா' என்று சிறு செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா பார்ப்பது), பிறகு நெட் கொடுக்கிற நிறுவனத்தின் வாசலான கேட்வேயை, பிறகு உள்நாட்டு சர்வர் ஒன்றை, கடைசியில் வெளிநாட்டிலேயே இருக்கிற சர்வர் ஒன்றின் எண் முகவரியை. எந்தப் படியில் பதில் நிற்கிறதோ அங்கேதான் பிரச்சனை. கேட்வே வரை வந்து உள்நாட்டு சர்வரே வரவில்லை என்றால் பெரும்பாலும் நம் ரோட்டுச் சரிவு. உள்நாடு வருகிறது, வெளிநாடு மொத்தமும் இல்லை என்றால் பன்னாட்டு வாசலில் கை வைத்திருக்கிறார்கள். எண் முகவரி வருகிறது, பெயர் போட்டால் வரவில்லை என்றால் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் கோளாறு மட்டுமே. ஒன்றை மறக்காதீர்கள்: சில கருவிகள் பிங்குக்குப் பதில் சொல்லாமல் வைக்கப்பட்டிருக்கும். நெட் நன்றாக இருக்கும் நாளில் ஒருமுறை ஓட்டி, எது பதில் சொல்கிறது என்று குறித்து வைத்தால்தான் கெட்ட நாளில் ஒப்பிட முடியும்.

கோபுரக்காவல், உதகை

மேலே உள்ளது இணையத்துக்குச் சரி. மொபைல் விஷயத்தில் இன்னொன்று உண்டு. டவர் என்பது கை மட்டும்தான், மூளை வேறு ஊரில். உங்கள் சிம் உண்மையானதா, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்ற பதிவேடு, எச்எல்ஆர் என்பார்கள், அது இருக்கிற இடத்தோடு தொடர்பு போனால் பக்கத்து வீட்டுக்குக்கூடப் பேச முடியாது. நம் மலையில் டவருக்கு டீசல் ஊற்றி ஓட்டினாலும், கீழே சமவெளியில் உள்ள அந்த மூளையோடு, கோர் என்பார்கள், லிங்க் இல்லாவிட்டால் அது வெறும் இரும்புக் கம்பம்.

லிபியாவில் கிழக்குப் பகுதி கிளர்ச்சிக்காரர்கள் கைக்கு வந்த பிறகும் போன் வேலை செய்யாமல் போனது இதனால்தான்: பதிவேடு திரிப்பொலியில் இருந்தது. 2011 ஏப்ரலில் இஞ்சினியர்கள் பெங்காசியில் தனியாக ஒரு பதிவேட்டை நிறுத்தி, லிபியானா என்ற மொபைல் நிறுவனத்தின் டவர்களை அதோடு கோத்து 'சுதந்திர லிபியானா' என்று ஓட்டினார்கள். சூடானில் போர் தொடங்கியது 2023 ஏப்ரல் 15. 2024 பிப்ரவரி 2 அன்று எம்டிஎன், சூடானி என்ற இரண்டு மொபைல் நிறுவனங்களும் விழுந்தன, 7 அன்று ஜெயினும் போனது. டேட்டா சென்டர்கள் கார்ட்டூமில் இருந்ததால் சண்டை நடக்காத மாகாணமும் சேர்ந்தே இருண்டது. பிறகு போர்ட் சூடான் பக்கமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உயிர் கொடுத்தார்கள்.

அங்கே மக்களை முதலில் அடித்தது வாட்ஸ்அப் இல்லாதது அல்ல. ரொக்கம் கிடைக்காமல் எல்லாரும் 'பங்கக்' என்ற வங்கிச் செயலியில்தான் அரிசி பருப்பு வாங்கிக்கொண்டிருந்தார்கள். நெட் போனதும் கையில் காசு இருந்தும் இல்லாத கதை. எல்லை தாண்டி வந்த, செயற்கைக்கோளிலிருந்து நெட் எடுக்கும் ஸ்டார்லிங்க் தட்டுகளை வைத்துச் சிலர் மணிக்கணக்கில் காசு வாங்கி இணைப்புக் கொடுத்தார்கள். பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள், நம் ஊர் யுபிஐ ஞாபகம் வரும். டேட்டா போய் வாய்ஸ் மட்டும் இருக்கும் நிலைமைக்கு, நெட் இல்லாமல் டயல் செய்து பணம் அனுப்பும் *99# இருக்கிறது, ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை. வாய்ஸும் போனால் அதுவும் இல்லை. வீட்டில் பத்து நாள் செலவுக்குச் சில்லறை நோட்டாக வைப்பதற்கு ஈடு எதுவும் கிடையாது.

சிற்றலை, கொடைக்கானல்

ரேடியோ பக்கம் நான் சொல்கிறேன். இரண்டு நிலைமைக்கும் இங்கேதான் பாதை பிரிகிறது.

மண்சரிவுக்கு அமெச்சூர் ரேடியோ, அதாவது உரிமம் வாங்கித் தனிநபர் பேசுகிற ரேடியோ, அருமை. 5 வாட் கைக்கருவி 144 மெகாஹெர்ட்ஸில் கோத்தகிரி விளிம்பிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குத் தெளிவாகப் போகும், ஆனால் நடுவில் தொட்டபெட்டா மலைத்தொடர் நிற்பதால் உதகைக்குத் திணறும். அதற்கு 40 மீட்டர் அலைநீளப் பேண்டில் தாழ்வான டைபோல், அதாவது நடுவில் பிரிந்து இரண்டு கையாக நீளும் கம்பி ஆன்டெனா. 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு மொத்த நீளம் சுமார் 20.1 மீட்டர். ஒவ்வொரு கையும் 10.3 மீட்டராக வெட்டி, ஆன்டெனா அலைவரிசைக்குப் பொருந்துகிறதா என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டரைப் பார்த்துக்கொண்டே நுனியில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். பிளாஸ்டிக் உறை போட்ட கம்பிக்கு இன்னும் குறைவாகத்தான் வரும். உயரம் 5, 6 மீட்டர் போதும், இரண்டு சில்வர் ஓக் மரத்துக்கு நடுவே நைலான் கயிற்றில் கட்டலாம். தாழ்வாக இருப்பதால் அலை நேரே மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டு சுற்றிலும் 300 கிலோமீட்டர் தூரம் வரை மழை மாதிரி விழும். பள்ளத்தாக்கு, முகடு எதுவும் கணக்கில்லை. நீலகிரியிலிருந்து பழனி மலைக்குப் பகலில் இதுதான் நம்பகமான வழி. இருட்டியதும் 40 மீட்டர் பக்கத்து ஊரைத் தாண்டிக் குதித்துவிடும், அப்போது 80 மீட்டர் பேண்ட், கம்பி இரண்டு மடங்கு. 20 வாட்டில் அளவாகப் பேசினால் 12 வோல்ட் 40 ஏஎச் பேட்டரியில் ஏறக்குறைய பத்து மணி நேரம் ஓடும்.

உரிமம் இல்லாமல் மைக்கைத் தொடக் கூடாது. தேர்வு எழுத 12 வயது ஆனால் போதும், பிள்ளைகளுக்கு அதையும் சொல்லுங்கள்.

உள்நாட்டுப் போரில் இதே கம்பி ஆளைக் காட்டிக் கொடுக்கும். அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது ராணுவத்துக்கு எளிது, அமெச்சூர் விதிப்படி சங்கேதமாகப் பேசவும் முடியாது. தவிர, அரசுகள் முதலில் நிறுத்துவதே இதைத்தான். உக்ரைனில் 2022 பிப்ரவரி 24 அன்று நெருக்கடி நிலையோடு அமெச்சூர் ஒலிபரப்புக்கும் தடை வந்தது. ஆகவே போரில் ரேடியோ கேட்கிற கருவி. பிபிசி அரபு வானொலி 2023 ஜனவரியில் மூடப்பட்டது. மே மாதமே சூடானுக்காகச் சிற்றலையில் தினசரி அவசர நிகழ்ச்சியைத் தொடங்க வேண்டி வந்தது. சிற்றலை பிடிக்கிற பேட்டரி ரேடியோ ஒன்றை வகுப்பில் வைத்துக் காட்டுங்கள்.

ஹட்டிவாசகர், கோத்தகிரி

ரொம்ப நன்றிங்க. பிங் சோதனையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். டவரே இல்லாமல் சின்ன ரேடியோ போர்டுகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் செய்தி கடத்துகிற லோரா மெஷ் என்று ஒன்று சொல்கிறார்களே, இரண்டு போர்டு வாங்கி நூலகத்துக்கும் பக்கத்து ஹட்டிக்கும் (எங்கள் மலைக் கிராமம்) நடுவே செய்தி அனுப்பிக் காட்டலாமா? நெட் இல்லாமல் ப்ளூடூத்தில் செய்தி அனுப்பும் ப்ரையர் செயலியும் போதும் என்கிறார் ஒரு நண்பர்.

ரவுட்டர்மணி, குன்னூர்

ப்ரையரை விட்டுவிடுங்கள். 2023 மே மாதம் மத்திய அரசு தடுத்த 14 செயலிகளில் அதுவும் ஒன்று, நூலகத்தில் வைத்துக் காட்ட வேண்டாம். தவிர, ப்ளூடூத் ஓர் அறைக்குப் போதும், ஹட்டிக்கும் ஹட்டிக்கும் நடுவே ஒரு தேயிலைச் சரிவு இருந்தால் முடிந்தது.

லோரா செய்யலாம். இந்தியாவில் உரிமம் தேவைப்படாத பட்டை 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ். போர்டில் ஓட்டுகிற மெஷ்டாஸ்டிக் மென்பொருளில் ரீஜன் 'இந்தியா' என்று முதலில் வையுங்கள். 433, 915க்கென்று செய்த போர்டும் ஆன்டெனாவும் மலிவாகக் கிடைக்கும், வாங்காதீர்கள். ஆன்டெனாவை மாட்டாமல் பவர் கொடுத்தால் ரேடியோ சிப் போய்விடலாம், பிள்ளைகள் கையில் கொடுக்குமுன் இதைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு செய்திக்கு 200 பைட்டுக்குச் சற்று மேல்தான் இடம், தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் குறைந்தது மூன்று பைட் தின்னும், புள்ளியோ கால், கொம்போ சேர்ந்தால் ஆறு. முப்பது எழுத்துக்குள் முடிக்கப் பழக்குங்கள்.

10 கிலோமீட்டர் இணைப்புக்கு, நடுவில் கண் பார்வைக் கோட்டுக்குக் கீழே குறைந்தது 18 மீட்டர் திறந்திருக்க வேண்டும். முகடு தெரிகிறதே என்று ஏமாறுவது இதில்தான்.

சிற்றலை, கொடைக்கானல்

மழை இந்த அலைவரிசையை ஒன்றும் செய்யாது, நனைந்த இலைதான் குடிக்கும். சில்வர் ஓக் வரிசைக்கு மேலே ஆன்டெனா வரவேண்டும். ஜூலை, ஆகஸ்ட் பனிமூட்டத்தில் சோலார் பேனல் பெயருக்குத்தான் வேலை செய்யும். லோரா போர்டில் ஈஎஸ்பி32 சிப் இருந்தால் ஒரு 18650 லித்தியம் செல்லை ஒரு நாளில் காலி செய்துவிடும், என்ஆர்எஃப்52 சிப் உள்ளது பல நாள் தாங்கும். வெளியே வைக்கிற கனெக்டரை ரப்பர் டேப்பால் இழுத்துச் சுற்றுங்கள். கேபிள் பெட்டிக்குள் நுழையுமுன் கீழ்ப்பக்கமாக ஒரு வளைவு விடுங்கள், நீர் அங்கேயே சொட்டிவிடும். நம் மலையில் கருவி சாவது முக்கால்வாசி கனெக்டருக்குள் இறங்குகிற ஈரத்தால். ஏப்ரல், மே இடி நேரத்தில் கம்பியைக் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள்.