பழைய 407-க்கு டீசல் டேங்க்: இரும்பா, பிளாஸ்டிக்கா?

கேள்வி: நாகலூர் 407

வணக்கம். என்னிடம் இருப்பது 2004 மாடல் டாடா 407. அப்பா வாங்கிய வண்டி. நாகலூர் பக்கத்து எஸ்டேட்டுகளிலிருந்து காபி மூட்டையும் மிளகும் சேலத்துக்கு இறக்குவேன். திரும்பும்போது உரம், மளிகை.

போன வாரம் உர மூட்டைகளோடு ஏற்காடு ஏறிக்கொண்டிருந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பதினொன்றாவதில் வண்டி இழுக்காமல் திணறியது. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சத்தம் கம்மியது, அப்படியே நின்றுவிட்டது. பின்னால் நான்கு சுற்றுலா வேன்கள், ஒரு பஸ். சக்கரத்துக்குக் கல்லை வைத்துவிட்டு, டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்பின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினேன். டிகாஷன் இறங்கிய பிறகு ஃபில்டரில் மிஞ்சுமே மண்டி, அதே நிறத்தில் அரை ஸ்பூன் இருந்தது. விரலில் வைத்துத் தேய்த்தால் நறநறவென்றது. துரு.

கழுவி மாட்டி, டீசல் குழாயில் புகுந்த ஏரை எடுத்து, எப்படியோ வீடு வந்து சேர்ந்தேன். வேடிக்கை என்னவென்றால் சேலம் ஐந்து ரோட்டிலிருந்து அடிவாரம் வரை ஒரு குறையும் தெரிவதில்லை. ஏற்றத்தில் சுமையோடு டீசல் அதிகம் கேட்கும்போதுதான் இந்தத் திணறல்.

டேங்கை இறக்கிப் பார்த்தேன். டேங்கைப் பிடித்து நிறுத்தும் பட்டை சுற்றியிருந்த இடத்தில் ரப்பரை உரித்ததும் தகடு அப்பளமாக நொறுங்கியது. ஏற்கெனவே ஓர் ஓட்டையில் துணி சோப்பைப் பிசைந்து அடைத்து, அதன் மேல் எம்-சீல் பூசி ஒரு வருடம் ஓட்டியிருக்கிறேன். அந்த இடம் இன்னும் ஒழுகவில்லை, அது வேறு கதை.

கடையில் இரும்பு டேங்கும் இருக்கிறது, பிளாஸ்டிக்கும் இருக்கிறது. விலையில் ஆயிரத்துச் சொச்சம்தான் வித்தியாசம். ஒரு பட்டறைக்காரர் ஜி.ஐ. தகட்டில் மடித்துப் பற்றவைத்துத் தருகிறேன், பாதி விலை, ஆயுசுக்கும் துருப்பிடிக்காது என்கிறார். அப்பாவுக்கு இரும்பைத் தவிர எதிலும் நம்பிக்கை இல்லை. எதை வாங்குவது?

பதில்: குப்பனூர் வழி

பிளாஸ்டிக் வாங்குங்கள், அண்ணா. என் வண்டியில் நான்கு வருடமாக ஓடுகிறது. ஃபில்டரைத் திறந்தால் டீசல் டீசலாகவே இருக்கிறது. மாட்டிய நாளிலிருந்து டீசல் முள் மட்டும் செத்துப்போனது. மூன்று மெக்கானிக்குகள் பார்த்தார்கள், டேங்குக்குள் டீசல் அளவைப் பார்க்கும் மிதவையையே மாற்றினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. இப்போது கிலோமீட்டர் கணக்கு வைத்துத்தான் டீசல் போடுகிறேன்.

பதில்: கொண்டலாம்பட்டிப் பட்டறை

குப்பனூர்த் தம்பி, உன் மிதவையில் குறை இருக்காது. இரும்பு டேங்கில் மிதவைக்கான எர்த் பெரும்பாலும் டேங்கின் தகடு வழியாகவே சேஸிஸுக்குப் போய்விடும். பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது. மிதவையின் மூடித் தட்டிலிருந்து சேஸிஸுக்கு ஒரு முழம் ஒயர் இழுத்து, பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு போல்ட்டில் இறுக்கு. முள் எழுந்துகொள்ளும்.

இனி நாகலூர்த் தம்பிக்கு. முதலில் அந்த ஜி.ஐ. யோசனையை விடு. ஜி.ஐ. என்றால் இரும்பின் மேல் துத்தநாகப் பூச்சு. அது தண்ணீர்த் தொட்டிக்கு நல்லது, டீசலுக்கு ஆகாது. டீசலில் இருக்கும் அமிலம் துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்புப் போல ஒன்றாகி ஃபில்டரிலும், என்ஜினுக்குள் டீசலைப் பீச்சும் நாசிலிலும் அப்பிக்கொள்ளும். துருவாவது கிண்ணத்தில் தங்கிக் கண்ணுக்குத் தெரியும். இது நாசில் வரை போய் உட்கார்ந்த பிறகுதான் தெரியும். பாதி விலையில் டேங்க் வாங்கி, மீதிப் பாதிக்கு மேல் பம்ப் சர்வீஸுக்குக் கொடுப்பாய்.

நான் ஒன்று கேட்கிறேன். இரவில் வண்டியை நிறுத்தும்போது டேங்கில் எவ்வளவு டீசல் இருக்கும்?

பதில்: நாகலூர் 407

கால் டேங்குக்கு மேல் வைப்பதில்லை, அண்ணா. நிறைய இருந்தால் விடிவதற்குள் யாராவது உறிஞ்சிவிடுகிறார்கள்.

பதில்: கொண்டலாம்பட்டிப் பட்டறை

உன் டேங்கைத் தின்றது அதுதான். கால் டேங்க் டீசல் என்றால் முக்கால் டேங்க் காற்று. ஏற்காட்டில் பகலில் டேங்க் சூடாகிறது, இரவில் குளிர்கிறது. குளிரும்போது மூச்சுத் துளை வழியாக மூடுபனிக் காற்றை உள்ளே இழுக்கிறது. குளிர்ந்த தகட்டில் அது வியர்த்து, சொட்டி, டீசலுக்கு அடியில் போய்த் தங்குகிறது. தண்ணீர் டீசலைவிடக் கனம், தானாக மேலே வராது. வெளியே, பட்டைக்கு அடியில் இருக்கும் ரப்பர் மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு மறுபக்கமும் அரிக்கிறது. கீழே சேலத்தில் ஓடும் வண்டிகளில் பார்த்ததைவிட மலை வண்டிகளில்தான் இந்தக் கோலத்தை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஆகவே புதிய இரும்பு டேங்க் போட்டாலும் இதே பழக்கம் இருந்தால் இதே கதைதான். பூட்டு மூடி போட்டு, மாலையில் நிரப்பிவிட்டு நிறுத்து. வாரம் ஒருமுறை, வண்டி இரவெல்லாம் அசையாமல் நின்ற பிறகு, விடியற்காலையில் வடிகால் போல்ட்டை இரண்டு சுற்றுத் தளர்த்தி ஒரு கண்ணாடி டம்ளரில் பிடி. அடியில் தண்ணீர் தனியாகக் கோடு போட்டு நிற்கும். அந்தக் கோட்டுக்கு மேல் கறுப்பாகக் கொழகொழவென்று ஏதாவது மிதந்தால் அது கிருமி. தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில்தான் அது வளரும். பிளாஸ்டிக் டேங்கிலும் வளரும். துருப்பிடிக்காது என்பதற்காகத் தண்ணீர் சேராது என்று எண்ணிக்கொள்ளாதே.

என் கையால் மாட்டுவதென்றால் உன் வண்டிக்கு நான் பிளாஸ்டிக்கைத்தான் எடுப்பேன். அதற்கு முன் இரண்டைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, சைலன்ஸர் குழாய். டேங்குக்கும் குழாய்க்கும் எவ்வளவு இடைவெளி என்று அள. அந்த பிளாஸ்டிக் 130 டிகிரி வாக்கில் உருகிவிடும். அதற்கு வெகு முன்பே இளகித் தொங்க ஆரம்பிக்கும். சுமையோடு மலையேறும்போது சைலன்ஸர் குழாய் அதைவிட அதிகமாகக் கொதிக்கும். பக்கத்தில் இருந்தால் நடுவில் ஒரு தடுப்புத் தகடு கட்டாயம். இரண்டு பக்கமும் காற்றோடும்படி நிற்க வேண்டும், டேங்கில் ஒட்டக் கூடாது. தகடு வைக்க இடமே இல்லையென்றால் பேச்சே வேண்டாம், இரும்புதான்.

இரண்டு, உள்தடுப்பு. கம்பெனி இரும்பு டேங்குக்குள் குறுக்கே தகடு வைத்து அறை அறையாகப் பிரித்திருப்பார்கள். வளைவில் டீசல் ஒரே பக்கம் ஓடிவிடாமல் இருப்பதற்கு. உறிஞ்சு குழாயைச் சுற்றி டீசல் நிற்காவிட்டால் பம்ப் காற்றைக் குடிக்கும். மலிவு பிளாஸ்டிக் டேங்குகள் சில உள்ளே வெறும் குடம். கடையில் மிதவைத் துளை வழியாக டார்ச் அடித்துப் பார். குறுக்கே எதுவும் இல்லையென்றால் அப்படியே கீழே வைத்துவிடு. கறுப்பு டேங்காகவும் இருக்கட்டும், வெள்ளை வெயிலில் சீக்கிரம் வெடிக்கும்.

இந்த பிளாஸ்டிக் டீசல் குடித்துக் கொஞ்சம் உப்பும். கடையில் அளவு சரியாக இருக்கிறதே என்று சேஸிஸில் முட்ட முட்ட மாட்டாதே, எல்லாப் பக்கமும் ஒரு விரல் இடம் விடு. பட்டையை இரும்புக்கு முறுக்குவதுபோல் முறுக்கவும் கூடாது. பத்து நாள் கழித்து ஒருமுறை பார்த்துச் சரிசெய். பழைய குழாய்களைக் காற்றடித்து ஊதாமல், ஃபில்டர்களை மாற்றாமல் புது டேங்கைக் கோர்த்தால் பழைய துரு மறுபடி பதினொன்றாவது வளைவில் வந்து நிற்கும்.

பழைய டேங்கை யாராவது பற்றவைத்துக்கொள்ளக் கேட்டால் கொடுக்காதே. எங்கள் பட்டறையில் நான் எடுபிடிப் பையனாக இருந்தபோது ஒருவர் “காலிதானே” என்று பற்றவைத்தார். டேங்க் பானைபோல் உப்பி மூடி கூரையைக் கிழித்தது. நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்கில்தான் ஆவி இருக்கும். அவருக்கு இரண்டு நாள் காது கேட்கவில்லை, அதோடு போயிற்று.

பதில்: இரும்பாலை ரோடு

சேலம் உருக்காலையை ஊரில் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக்கா! எவர்சில்வர் தகட்டில் ஒரு டேங்க் செய்துவிடலாமே?

பதில்: கொண்டலாம்பட்டிப் பட்டறை

செய்யலாம். டீசலுக்கும் எவர்சில்வருக்கும் பகை இல்லை. கூலியையும் தகட்டு விலையையும் கேட்டால் தம்பி இன்னொரு பழைய 407 வாங்கிவிடுவான். அதோடு, எஸ்டேட் சாலை அதிர்வில் வெல்டிங் ஓரம் விரிசல் விடாமல் செய்கிற கை வேண்டும்.

பதில்: நாகலூர் 407

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

சைலன்ஸர் நான்கு விரல் தூரத்தில் இருந்தது. நடுவில் தகடு அடித்தேன். கடையில் டார்ச்சோடு போனேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். முதலில் காட்டிய டேங்க் வெறும் குடம்தான். இரண்டாவது கம்பெனி டேங்கில் உள்ளே தடுப்பு வார்த்திருந்தது, அதையே எடுத்தேன். பத்தாம் நாள் பட்டையைப் பார்த்தபோது உண்மையிலேயே இறுகியிருந்தது, அரைச் சுற்றுத் தளர்த்தினேன். எர்த் ஒயர் கொடுத்ததால் முள் வேலை செய்கிறது. ஏழு நடை ஏறிவிட்டேன், அடிக்கிண்ணம் சுத்தமாக இருக்கிறது.

அப்பாதான் சமாதானமாகவில்லை. இருபது வருடமாக ஸ்பானரால் டேங்கைத் தட்டி, சத்தத்தை வைத்தே இத்தனை லிட்டர் என்று சொல்லிவிடுவார். தப்பியதே இல்லை. புது டேங்க் எங்கே தட்டினாலும் மொத்தென்கிறது. முள்ளைப் பார்க்கச் சொன்னால் “முள் பொய் சொல்லும்” என்கிறார். நேற்று ஒரு மூங்கில் குச்சியைச் சீவி, ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி ஊற்றிக் கத்தியால் கோடு கீறி, டிரைவர் சீட்டுக்கு அடியில் செருகி வைத்திருக்கிறார்.