குழந்தைகளின் கடினமான மூச்சுவழியை அல்ட்ராசவுண்ட் முன்கூட்டியே காட்டுமா?

கேள்வி – மயக்கவியல் முதுநிலை மாணவர்:
வணக்கம். பெரியவர்களை உட்காரவைத்து, வாயை அகலத் திறந்து நாக்கை நீட்டச் சொல்லி மாலம்பட்டி வகையை (தொண்டையின் உட்புறம் எவ்வளவு தெரிகிறது என்பதன் தரவரிசை) குறித்துக்கொள்கிறோம்; இரண்டு வயதுக் குழந்தை அதற்கு இணங்குவதில்லை. மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் கழுத்தின் முன்புறம் அல்ட்ராசவுண்ட் புரோபை (ஒலி அலைகளை அனுப்பிப் பெறும் கைப்பிடி) வைத்து, தோலிலிருந்து குரல்வளை மூடி வரையுள்ள தூரத்தையும் நாக்கின் தடிமனையும் அளந்தால், லாரிங்கோஸ்கோப்பில் (சுவாசக் குழாய் செலுத்தக் குரல்வளையைப் பார்க்கும் கருவி) குரல்நாண்கள் தெரியாமல் போகக்கூடிய குழந்தையை இனங்காண முடியுமா?

பதில் – குழந்தைகள் மயக்கவியல் மருத்துவர்:
படம் எடுப்பது கடினமன்று. குழந்தைகளின் குரல்வளைக் குருத்தெலும்புகள் இன்னும் சுண்ணமேறாதவை என்பதால் ஒலி அலைகள் அவற்றை எளிதாக ஊடுருவும். கிடைக்கும் எண்ணுக்குப் பொருள் காண்பதில்தான் சிக்கல் இருக்கிறது. கைக்குழந்தைக்கும் பத்து வயதுச் சிறுமிக்கும் இயல்பான தூரமே வேறு என்பதால், பெரியவர்களுக்கு வகுத்த எல்லைமதிப்பை இங்கே பயன்படுத்த இயலாது. தலையைச் சற்று நிமிர்த்தினாலும், புரோபைக் கொஞ்சம் அழுத்தினாலும் அளவு மாறிவிடும்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். ஆயிரம் குழந்தைகளில் பத்துப் பேருக்கு மூச்சுவழி கடினமானது என்றும், நமது சோதனை அவர்களில் எட்டுப் பேரைச் சரியாகப் பிடித்து, மற்ற 990 பேரில் 99 பேரைத் தவறாகச் சுட்டுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். அப்போது ‘கடினம்’ என்று வந்த 107 பேரில் 99 பேருக்கு எந்தச் சிரமமும் இருக்காது. தவறவிட்ட இரண்டு பேரோ எச்சரிக்கையே இல்லாமல் நம் மேசைக்கு வருவார்கள். எனக்கு அந்த இரண்டு பேரைப் பற்றியே கவலை.

பதில் – மற்றொரு மயக்கவியல் மருத்துவர்:
மூச்சுவழிக்குள் செலுத்தும் சுவாசக் குழாயின் அளவைத் தேர்ந்தெடுப்பதில் இக்கருவி உண்மையாகவே உதவுகிறது. வயதை 4-ஆல் வகுத்து 4-ஐக் கூட்டும் பழைய சூத்திரத்தைவிட, கிரிகாய்டு (குரல்வளையின் அடியிலுள்ள வளையக் குருத்தெலும்பு) மட்டத்தில் மூச்சுவழியின் குறுக்கு விட்டத்தை நேரில் அளப்பது, குறிப்பாக வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லாத குழந்தைகளில், பொருத்தமான குழாயை நெருங்கிக் காட்டும். ஸ்கேனில் தெரியும் விட்டத்தைக் குழாயின் வெளிவிட்டத்தோடுதான் ஒப்பிட வேண்டும்; உறையில் பெரிதாக அச்சிட்டிருப்பது உள்விட்டம்.

பதில் – குழந்தைகள் மயக்கவியல் மருத்துவர்:
உடன்படுகிறேன். ஆயினும் சிறுத்த கீழ்த்தாடை, பியர் ராபின் அல்லது டிரீச்சர் காலின்ஸ் குறைபாடு (தாடை அல்லது முக எலும்புகள் சரியாக வளராத பிறவி நிலைகள்), உறக்கத்தில் மூச்சுத் திணறல், முந்தைய மயக்கத்தின்போது நேர்ந்த சிரமம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், ஸ்கேன் எவ்வளவு நன்றாக வந்தாலும் கடினம் என்றே கொண்டு ஆயத்தமாகுங்கள். எடைக்கு ஏற்பப் பார்த்தால் குழந்தைகள் பெரியவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு ஆக்சிஜனைச் செலவழிப்பவர்கள்; நுரையீரலில் ஆக்சிஜன் இருப்பும் குறைவு. குழாய் செலுத்தும் முயற்சி இரண்டைத் தாண்டும்போது சிக்கல்கள் கூடுகின்றன. ஆகவே வீடியோ லாரிங்கோஸ்கோப்பும் சூப்பராகுளாட்டிக் கருவியும் (குரல்நாண்களுக்கு மேலே அமர்ந்து மூச்சுவழியைத் திறந்து வைப்பது) முதல் முயற்சிக்கு முன்பே கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். புரோபைக் கண்டு குழந்தை அழத் தொடங்கினால், அளப்பதை அங்கேயே விட்டுவிடுங்கள்.