பாம்பு விஷயத்துல மனசை மாத்திக்கிட்ட ஆட்களைப் பார்த்திருக்கீங்களா?

களத்துமேடு:
எங்க பெரியப்பாவுக்கு எழுபது தாண்டியாச்சு. சாரையும் நல்லதும் பிணையும்னு எல்லார் வீட்லயும் சொல்றதுதானே, அவரும் அதே கட்சி. பிணையுறப்போ மேல புதுத்துண்டு போட்டு எடுத்து, பெட்டியில வச்சா காசு சேரும்னு வேற சொல்வார். போன ஆனியில வைக்கோல்போர் பக்கம் ரெண்டு பாம்பு முறுக்கிக்கிட்டு இடுப்பு உயரத்துக்கு எழும்புது. துண்டெடுக்க ஓடினார். வயல்ல எலி பிடிக்க வந்திருந்த இருளர் அண்ணன், "ஐயா, ரெண்டுமே சாரை. ரெண்டும் ஆம்பளை. சண்டை போடுது"ன்னார்.

கத்தப்போறார்னு நினைச்சேன். "ஆம்பளைன்னு எப்படிப்பா சொல்ற?"ன்னு கேட்டார் பாருங்க. அண்ணன் ஒண்ணைப் பிடிச்சு வால் அடியைக் காட்டினார்: பொட்டைக்கு அங்க சட்டுனு மெலியும், இதுக்குத் தடிப்பா இறங்குது. பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கிட்டுக் குனிஞ்சு பார்த்தார். இன்னொண்ணு அதுக்குள்ள பொந்துல போயிடுச்சு. "ஒண்ணைத்தான் பார்த்தேன். பாதி நம்புறேன்"னார். அந்த 'பாதி' இன்னும் மனசுல ஓடிக்கிட்டே இருக்கு.

தென்னந்தோப்பு:
எலி பிடிக்க வந்தவர் சொன்னா அதுதான் அறிவியலா? நாங்க தலைமுறையா பார்க்கிறோம்.

ஆரம்ப சுகாதார நர்ஸ்:
தோப்பு சார், 2017ல ஃப்ளோரிடாவுல மலைப்பாம்பு பிடிக்க நம்ம இருளர் வடிவேல் கோபாலையும் மாசி சடையனையும்தான் கூப்பிட்டாங்க. 2023ல பத்மஸ்ரீ. பாம்புன்னா இருளர் சொல்றதை நான் முதல்ல கேட்பேன்.

என் கதை சின்னது. கொம்பேறி மூக்கன் கடிச்சதுன்னு ஒரு பையனைத் தூக்கிட்டு வந்தாங்க. பையன் பிஸ்கட் தின்னுட்டு உட்கார்ந்திருக்கான், தாத்தா மட்டும் ஜன்னல் வழியா வேப்பமரத்தையே பார்க்கிறார். கடிச்சுட்டு மரத்துல ஏறி சுடுகாட்டுப் புகை வருதான்னு பார்க்குமாமே. அதுக்கு விஷமே இல்லைன்னு டாக்டர் சொன்னார், இருந்தாலும் ஒரு ராத்திரி வச்சிருந்தோம். காலையில தாத்தா என்கிட்ட, "அப்போ அது மரத்துல எதுக்கும்மா ஏறுது?"ன்னார். பல்லி, தவளை தேடித்தான்னு சொன்னேன். "அவ்வளவுதானா!"ன்னு முகம் வாடிப்போச்சு. பேரன் பிழைச்சதைவிட அதுதான் அவருக்குப் பெரிய சேதி.

வரப்போரம்:
எங்க அத்தையைக் கட்டுவிரியன் கடிச்சது, பிழைச்சாங்க, மந்திரிக்கிறதை அன்னிக்கோட விட்டாங்க. அது இருக்கட்டும், எல்லாரும் இதைப் படிங்க. கட்டுவிரியன் ராத்திரியிலதான் வரும், கடிச்ச இடத்துல வலியே இருக்காது, கொசுக்கடின்னு தூங்கிடுவாங்க. விடியறப்போ கண்ணிமை சொருகினா உடனே கிளம்புங்க. கீறாதீங்க, வாய் வச்சு உறிஞ்சாதீங்க, கயிறு போட்டு இறுக்காதீங்க. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காம வச்சு, விஷமுறிவு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நேரா போங்க. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், நாலுக்கும் ஒரே மருந்துதான். அதனால பாம்பை அடிச்சு எடுத்துட்டுப் போக நேரத்தை வீணாக்காதீங்க. தரையில படுக்காதீங்க, கொசுவலையைப் பாய்க்கடியில செருகுங்க. மகாபலிபுரம் பக்கம் வடநெம்மேலியில 1978ல இருளர் தொடங்கின கூட்டுறவுச் சங்கம் இருக்கு. பாம்புல விஷம் எடுத்துட்டுத் திரும்பக் காட்டுல விடுவாங்க, அந்த விஷத்துலதான் மருந்தே. குழந்தைங்களோட ஒருதரம் போய்ப் பாருங்க.

நர்ஸ்:
கேட்டது மனசு மாறின கதை. ஆனா சொன்னதெல்லாம் சரி.

புத்துக்கோயில் தெரு:
மனசு மாறினாத்தான் ஒசத்தியா? எங்க ஆச்சி கடைசிவரைக்கும் மாறலை, வெள்ளிக்கிழமை தவறாம புத்துல பால் ஊத்தினாங்க. பாம்பு பால் குடிக்காதுன்னு எனக்கும் தெரியும். ஆனா அவங்க இருந்தவரைக்கும் எங்க தெருவுல ஒரு பாம்பை யாரும் அடிச்சதில்லை. பாடம் படிச்ச பசங்கதான் இப்போ கம்பைத் தூக்குறாங்க.

களத்துமேடு:
இதைப் பெரியப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். ஆச்சி பக்கம்தான் பேசுவார்னு பார்த்தா, "கிண்ணத்துல வச்ச பாலும் காலையில காலியா இருக்குமே, அப்போ யார் குடிச்சது?"ங்கிறார். பூனையான்னு கேட்டேன், ராத்திரி உட்கார்ந்து பார்த்தவங்க சொல்லட்டும்னுட்டார். இங்க யாராவது பார்த்திருக்கீங்களா?