உப்பு கூடினதும் லிக்விட் தண்ணியாயிடுச்சு, ஏன்?

கேள்வி: பாத்திரம் கழுவுற லிக்விட் வீட்லயே தயாரிச்சு அக்கம்பக்கத்துல விக்கிறேன். நேத்து 10 லிட்டர் தண்ணியில 1 கிலோ எஸ்எல்இஎஸ் பேஸ்ட் (நுரை வந்து அழுக்கு எடுக்கற பொருள்) கரைச்சேன். அரை கிலோ உப்புக்கு தேன் மாதிரி கெட்டியாச்சு. இன்னும் அரை கிலோ போட்டேன், தண்ணியா ஓடுது. கொட்டிடவா?

பதில்: கொட்டாதீங்க அக்கா. எஸ்எல்இஎஸ் மூலக்கூறோட தலை சல்பேட். எதிர்மின்சுமை இருக்கறதால ஒண்ணையொண்ணு தள்ளும். உப்புல இருக்கற சோடியம் அந்தத் தள்ளலைக் குறைச்சதும், உருண்டையா இருந்த மைசெல் (அந்த மூலக்கூறுங்க சேர்ந்த கூட்டம்) புழு மாதிரி நீண்டு பின்னிக்கும். கெட்டியாகறது அதனாலதான். உப்பு அளவு தாண்டினா பின்னல் நெகிழ்ந்துடும். உப்பில்லாம இன்னொரு வாளி கரைச்சு, இதைக் கொஞ்சம் கொஞ்சமா அதுல ஊத்துங்க.

பதில்: ஒரு டம்ளர்ல சோதிச்சுட்டு அப்புறம் வாளிக்குப் போடுங்க.

கேட்டவர்: பாதி ஊத்தறப்பவே கரண்டியில நூல் மாதிரி இழுக்குது தம்பி! ரொம்ப நன்றி.