10 கிலோமீற்றர் ஓட்டத்தைத் தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் நடத்தலாமா?

வெள்ளவத்தை ஓட்டக்காரி:

எங்கள் பழைய மாணவியர் சங்கம் ஒவ்வொரு வருடமும் கொழும்பு சுதந்திர சதுக்கத்தில் இருந்து 10 கிலோமீற்றர் ஓட்டம் ஒன்று வைக்கிறது. ஏறக்குறைய 700 பேர் வருவார்கள். இந்த முறை ஒழுங்கமைப்பு என் பொறுப்பு. அரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தல் ஒன்றுகூட இல்லாமல் இதை நடத்த வேண்டும் என்பது என் விருப்பம். செய்து பார்த்தவர்கள் வழி சொல்லுங்கள்.

பாதையில் மூன்று இடத்தில் தண்ணீர், முடிவில் ஒரு இடம். ஆளுக்கு நாலு போத்தல் என்றால் 2,800. ஓடுகிறவர் நின்று அரை லீற்றரைக் குடித்து முடிக்க மாட்டார். இரண்டு மிடறு குடிப்பார், கொஞ்சம் தலையில் ஊற்றுவார், மிச்சத்தை அப்படியே ஓரமாக எறிந்துவிட்டுப் போவார். அவரைக் குறை சொல்லவில்லை. ஓடுகிறவரின் கையில் அரை லீற்றரைத் திணித்தால் வேறு என்னதான் செய்வார்?

போன வருடம் எல்லாரும் படம் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போன பிறகு சாமான் ஏற்றுவதற்காக நின்றேன். துப்புரவு வேலைக்கு வந்த அம்மா ஒருவர் ஈர்க்குமாறால் பாதையோரம் கூட்டிக்கொண்டு வந்தார். வெறும் போத்தல் விளக்குமாறு பட்டதும் உருண்டு போகிறது. பாதித் தண்ணீரோடு கிடப்பது அசையாது. அவர் ஒவ்வொன்றுக்கும் குனிந்து, எடுத்து, மூடியைத் திருகி, தண்ணீரைப் புல்லில் ஊற்றி, காலால் நசுக்கிச் சாக்கில் போட்டார். திறந்த மூடிகள் தனியாகச் சிதறிக் கிடந்தன. நீல மூடிகள். விளக்குமாறு தள்ளத் தள்ள அவை வடிகாலின் இரும்புக் கம்பி இடுக்குக்குள் விழுந்துகொண்டே இருந்தன. நானும் குனிந்து பொறுக்கினேன். ஆனால் பொறுக்குகிற வேலை வராமல் பண்ணுவதுதான் எங்கள் கடமை என்று அன்றிலிருந்து சங்கத்தில் சொல்லிக்கொண்டு இருக்கிறேன்.

வடிகாலில் விழுந்தது வாய்க்காலுக்குப் போகும், வாய்க்கால் கடலுக்குப் போகும். வெள்ளவத்தையில் இருக்கிற எங்களுக்கு வாய்க்கால் கடலில் விழுகிற இடம் கண் முன்னாலேயே இருக்கிறது. புல்லுக்குள் மறைந்து கிடக்கிற போத்தலிலும் குவளையிலும் மழைத் தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்பு. 2017இல் இந்த நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது. எங்கள் தெருவில் நோயாளி இல்லாத வீட்டைத் தேடத்தான் வேண்டியிருந்தது.

சங்கத்தில் மூன்று மறுப்பு வந்தது. ஒன்று, பதிவுக் காசு கட்டியவர்களுக்குப் போத்தல் கொடுக்காவிட்டால் முணுமுணுப்பார்கள். இரண்டு, போத்தலை அனுசரணையாளர் இலவசமாகத் தருகிறார், அதை ஏன் விட வேண்டும்? மூன்று, “உக்கும் குவளை” என்று ஒரு கடைக்காரர் விலை கொடுத்திருக்கிறார், அதை வாங்கினால் பிரச்சினை தீர்ந்தது.

மூன்றாவதில்தான் எனக்குச் சந்தேகம். ரீ-சேட், பதக்கம் பற்றியும் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

—

தெஹிவளைத் தம்பி:

அக்கா, நான் மலைநாட்டுப் பக்கம் மண்பாதை ஓட்டங்களுக்குப் போகிறவன். அங்கே கையில் சொந்தக் குவளை இல்லாமல் நிற்கவே விட மாட்டார்கள். அல்ப்ஸில் மோன் பிளாங்க் மலையைச் சுற்றி ஓடுகிற யூ.டி.எம்.பி. ஓட்டத்தில்கூடச் சொந்தக் குவளை கட்டாயச் சாமான்களில் ஒன்று. 170 கிலோமீற்றர் ஓடுகிறவர்கள் ஒரு குவளையைக் கொண்டுபோகலாம் என்றால் 10 கிலோமீற்றருக்கு நாங்களும் கொண்டு வரலாம்.

“உக்கும் குவளை” விஷயத்தில் உங்கள் சந்தேகம் சரி. சோளத்தில் இருந்து செய்கிற அந்த வகைப் பிளாஸ்டிக் வீட்டுத் தோட்டத்துக் குழியில் உக்காது. அதற்கு 60 பாகை அளவு சூட்டை நாள்கணக்கில் தாங்கி நிற்கிற உரத் தொழிற்சாலை வேண்டும். எங்கள் குப்பை லொறி அதைத் தனியாக எடுத்துக்கொண்டு போய் அப்படி ஒரு இடத்தில் கொட்டப் போவதில்லை. காகிதக் குவளை என்று சொல்வதன் உள்பக்கத்திலும் தண்ணீர் ஊறாமல் இருக்க மெல்லிய பொலித்தீன் பூச்சு இருக்கிறது. இரண்டும் கடைசியில் கெரவலப்பிட்டியில் எரிய வேண்டும், அல்லது புத்தளம் அருவாக்காட்டில் புதைய வேண்டும். சாதாரண பிளாஸ்டிக் குவளையைப் பற்றிக் கதைக்கவே தேவையில்லை, ஒருமுறை பாவிக்கிற குவளை, தட்டு, உறிஞ்சு குழாய், கரண்டி எல்லாம் 2023 ஒக்டோபர் 1இல் இருந்து தடை.

2017 சித்திரை வருடப் பிறப்பன்று மீத்தொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து 32 பேர் செத்தார்கள். அந்த மலை இந்த நகரத்து ஆட்கள் எல்லாரும் போட்டது. குப்பையைக் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு அனுப்பிவிட்டுப் பெயரை மாற்றிக்கொள்வது எனக்குப் பொறுக்காது.

லண்டன் மரதனில் 2019இல் கடற்பாசி உறைக்குள் பானம் அடைத்து 23ஆவது மைலில் 30,000க்கு மேல் கொடுத்தார்கள். வாயில் போட்டுக் கடித்தால் சரி, உறையையும் விழுங்கலாம். பத்திரிகைகளில் எல்லாம் அந்தப் படம்தான் வந்தது. ஆனால் அந்த வருடம் அவர்களின் போத்தல் கணக்கு 9 இலட்சத்து 20 ஆயிரம் அளவில் இருந்து 7 இலட்சத்து 4 ஆயிரத்துக்கு இறங்கியதற்கு 30,000 உறை காரணமாக இருக்க முடியாது. தண்ணீர் கொடுக்கிற இடங்களை 26இல் இருந்து 19 ஆக்கினார்கள். புதுப் பொருளைத் தேடுவதைவிடக் கொடுக்கிற முறையை மாற்றுவதில்தான் பலன் கூட.

இனி உங்கள் கணக்கு. பாதையில் ஆளுக்கு மூன்று தரம் 150 மில்லிலீற்றர், முடிவில் அரை லீற்றர். 700 பேருக்கு 665 லீற்றர். அலுவலகங்களில் வைக்கிற 19 லீற்றர்ப் பெரிய போத்தலில் சரியாக 35. வெயில் ஏறினால் என்று இன்னும் ஏழு சேர்த்து 42 எடுங்கள். வெறும் போத்தலைக் கம்பனி திருப்பி எடுக்கும், கழுவி மறுபடி நிரப்பும். அனுசரணையாளரிடமும் இதையே கேளுங்கள். அவருக்கு வேண்டியது பெயர் தெரிவது. மேசைக்கு மேலே பெரிய துணியில் அவர் பெயரைப் போட்டுவிட்டால் முடிந்தது.

சிக்கல் வரக்கூடிய இடம் முதலாவது மேசை. அதை 3ஆவது கிலோமீற்றரில் வைத்தால் வேகமானவர் 12 நிமிடத்தில் வருவார், நடந்து வருகிறவர் 27 நிமிடத்தில் வருவார். அந்தக் கால்மணி நேரத்துக்குள் 700 பேர், நிமிடத்துக்கு 45 பேருக்கு மேல். குழாயைத் திருகிப் பிடித்துக்கொண்டு நின்றால் வரிசை பாதையை அடைத்துவிடும். குழாயை மறந்துவிடுங்கள். ஜக் வேண்டும். ஜக்கோடு எட்டுப் பேரை ஒருத்தருக்கொருத்தர் பத்து அடி தள்ளி நிறுத்துங்கள். ஓடுகிறவர் குவளையை நீட்டுவார், இவர் ஊற்றுவார், மூன்று செக்கன். பின்னால் இரண்டு பேர் ஜக்கை நிரப்பிக்கொடுத்தபடி இருக்க வேண்டும். இரண்டாவது, மூன்றாவது மேசைக்கு வரும்போது கூட்டம் நீண்டு ஐதாகிவிடும், நாலு பேர் போதும்.

—

கொட்டாஞ்சேனை டொக்டர்:

நல்ல முயற்சி, தங்கச்சி. ஆனால் மேசைகளை மட்டும் குறைக்க வேண்டாம். லண்டனின் ஏப்ரல் மாதம் வேறு, கொழும்பின் விடியற்காலை வேறு. இங்கே ஐந்தரை மணிக்கே ஈரக்காற்று உடம்பை அமுக்கும், வியர்வை காயாது, அதனால் உடம்பு குளிராது. கடைசியாக வருகிறவர்கள்தான் வெயிலில் அதிக நேரம் நிற்பவர்கள். அவர்கள் வரும்போது ஜக் காலியாக இருக்கக் கூடாது. மேசையைக் கடைசி ஆள் தாண்டும்வரை கழற்றாதீர்கள்.

குவளையை மறந்து வருகிறவர் நிச்சயம் இருப்பார். அவருக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு மேசையிலும் கழுவிய எவர்சில்வர்ப் பேணி ஐம்பது வையுங்கள். குடித்துவிட்டு அங்கேயே கூடையில் போடட்டும். ஒருவர் குடித்ததை இன்னொருவருக்குக் கழுவாமல் கொடுக்க வேண்டாம். முதலுதவிக் கூடாரத்தில் மூடி உடைக்காத போத்தல் ஒரு பெட்டி இருக்கட்டும், அதற்காக யாரும் மனம் வருந்தத் தேவையில்லை.

எவர்சில்வர்ப் பேணி எங்கள் ஆட்களுக்குப் புதிதில்லை. ஆடிவேல் தேர் காலி வீதியால் போகிற காலத்தில் தாகசாந்தியில் மோரும் சர்க்கரைத் தண்ணீரும் பேணியில்தான் வாங்கிக் குடித்தோம். பெரிய கிடாரம், அகப்பை, பக்கத்தில் கழுவுகிற வாளிகள். கோயில்களிலும் கலியாண மண்டபங்களிலும் இன்னமும் பேணிகள் நூற்றுக்கணக்கில் அடுக்கி இருக்கின்றன. கேட்டால் தருவார்கள்.

—

ரத்மலானைத் தையல்:

ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன், ரீ-சேட் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஒரு பருத்தி ரீ-சேட்டுக்குத் தேவையான பஞ்சை விளைவித்துச் சட்டையாக்க 2,700 லீற்றர் அளவு தண்ணீர் போகும் என்பது பரவலாகச் சொல்லப்படுகிற கணக்கு. நீங்கள் அவ்வளவு கவனமாகக் கணக்குப் போட்ட 665 லீற்றரைப் போல நாலு மடங்கு, ஒரே ஒரு சட்டைக்கு. ஓட்டத்துக்குக் கொடுப்பது பெரும்பாலும் பொலியெஸ்டர். அது பிளாஸ்டிக் நூல், ஒவ்வொரு துவைப்பிலும் நுண்ணிழை கழன்று தண்ணீரோடு போகிறது.

எல்லாருக்கும் சட்டை என்கிற பழக்கத்தை விடுங்கள். பதிவுப் படிவத்தில் “சட்டை வேண்டாம்” என்று ஒரு கட்டம் வையுங்கள், அதைத் தெரிகிறவருக்குக் கட்டணத்தைக் கொஞ்சம் குறையுங்கள். பிரித்தானியாவில் சட்டைக்குப் பதில் மரம் நடுகிற ஏற்பாட்டைப் பல ஓட்டங்கள் கொடுக்கின்றன. அளவுகளைக் குத்துமதிப்பாக அச்சடிக்காதீர்கள், பதிவு முடிந்த பிறகு எண்ணிக் கொடுங்கள். சட்டையில் வருடத்தையும் திகதியையும் போடாதீர்கள். மிஞ்சினால் அடுத்த வருடம் கொடுக்கலாம். தொழிற்சாலையில் திகதி போட்டு மிஞ்சிய சட்டைகள் வெட்டுத் துணியாகப் போவதை நான் கண்ணால் காண்கிறேன். தைத்த கைகளுக்கு அது எவ்வளவு வலிக்கும் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. புதுச் சட்டை அது, ஒருவர் உடம்பில்கூடப் படாதது.

பதக்கத்துக்குச் சிரட்டையில் செதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள், விசாரியுங்கள். நெஞ்சில் குத்துகிற இலக்கமும் கிழியாத காகிதம் மாதிரி இருந்தால் அது அனேகமாகப் பிளாஸ்டிக். 10 கிலோமீற்றருக்குத் தடித்த சாதாரண காகிதம் தாங்கும். ஊசிகளைத் திருப்பி வாங்க ஒரு பெட்டி வையுங்கள்.

—

நுகேகொடை வாசகர்:

எல்லாம் சரி, 700 பேரும் எதில் வரப் போகிறார்கள்? ஞாயிறு விடியற்காலை நாலரைக்கு பஸ் கிடைக்காது, ஆளுக்கொரு கார். பெரிய ஓட்டங்களில் கரியமிலக் கணக்குப் பார்த்தால் ஓடுகிறவர்களின் பயணம்தான் பெரிய பங்கு. அதோடு இலக்கம் வாங்க முதல் நாள் சனிக்கிழமையும் எல்லாரையும் ஒரு இடத்துக்கு வரவைக்கிறீர்கள். ஆக இரண்டு பயணம். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, நுகேகொடை என்று மூன்று இடத்தில் கொடுத்தால் நடந்து வந்தே வாங்கலாம். ஞாயிறு அந்த மூன்று இடத்தில் இருந்தும் ஒவ்வொரு பஸ் பிடியுங்கள். காலி வீதியால் ஒன்று வந்தாலே மொரட்டுவையில் இருந்து வருகிறவர்கள் வரைக்கும் ஏறிக்கொள்வார்கள்.

—

வெள்ளவத்தை ஓட்டக்காரி:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு இந்தப் பதில்களைச் சங்கக் கூட்டத்தில் அப்படியே வாசித்துக் காட்டினேன்.

தம்பி சொன்ன 42 பெரிய போத்தலுக்குச் சம்மதம் கிடைத்துவிட்டது. அனுசரணையாளரிடம் நானே நேரில் போய்க் கதைத்தேன். துணியில் பெயர் போடுகிறோம் என்றதும் யோசிக்காமல் தலையாட்டினார். மூன்று மாதமாக அதை நினைத்துத்தான் பயந்துகொண்டிருந்தோம். “உக்கும் குவளை” விலைச் சீட்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. டொக்டர், மேசை மூன்றும் இருக்கும், கடைசி ஆள் போகும்வரை இருக்கும். பம்பலப்பிட்டியில் ஒரு கோயிலில் பேணி தருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள், கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. சட்டையில் திகதி இல்லை. “வேண்டாம்” கட்டமும் படிவத்தில் ஏறிவிட்டது.

பஸ் இந்த வருடம் ஒன்றுதான் பிடிக்க முடியும், காலி வீதியால் வரும். இலக்கம் மூன்று இடத்திலும் கொடுப்போம். செவ்விளநீர் வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். வைக்கலாம், ஆனால் கோம்பையை அன்றைக்கே ஏற்றிப் போய்த் தும்புக்கு எடுக்கிற ஆள் கிடைத்தால்தான். கோம்பையில் தண்ணீர் தேங்கினாலும் நுளம்புதான். அப்படி எடுக்கிறவரைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இப்போது தேவை ஜக் பிடிக்க ஆள். முதல் மேசைக்கு எட்டும் இரண்டும் பத்து, மற்ற இரண்டுக்கும் நாலு நாலு. பதினெட்டுப் பேரில் ஏழு பேர் சேர்ந்திருக்கிறார்கள், அதில் மூன்று பேர் எங்கள் பாடசாலைப் பிள்ளைகள். காலை நாலரைக்கு சதுக்கத்தில் நிற்க முடிந்தவர்கள் கீழே எழுதுங்கள். ஓடத் தெரியத் தேவையில்லை, சிந்தாமல் ஊற்றத் தெரிந்தால் போதும்.