மிளகாய் வாடுகிறது, கருவியோ "ஈரம்" என்கிறது

கல்லடி ரீச்சர்:
மட்டக்களப்பு கல்லடியில் ஏழாம் தரத்துக்கு விஞ்ஞானம் கற்பிக்கிறேன். வகுப்பறைக்குப் பின்னால் உள்ள மணலில் பிள்ளைகளோடு சிறு தோட்டம் போட்டிருக்கிறேன். மிளகாய், வெண்டி, பொன்னாங்காணி, வேலியோரம் முருங்கை. ஆர்டுயினோ என்ற, நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகையில் இரண்டு கால் வைத்த மண் ஈரமானியைப் பூட்டினோம். மண் காய்ந்தால் சிவப்பு விளக்கு எரியும், பிள்ளைகள் பூவாளியோடு ஓடுவார்கள். விளக்கு எரிவதைப் பார்க்கவென்றே முதல் வாரம் தண்ணீர் ஊற்றாமல் காத்திருந்த கள்ளர்கள்!

இப்போது வரண்ட கச்சான் காற்று வீசுகிறது. மிளகாய் இலைகள் ஓரம் கருகித் தொங்குகின்றன. விளக்கு எரியவே இல்லை. ஈரமானியைப் பிடுங்கிப் பார்த்தால் ஒரு காலில் செம்பு கரைந்து பச்சை பிடித்திருக்கிறது. கருவி பழுதா, என் நிரல் பிழையா? புதிது வாங்கினால் காசு என் கைப்பையிலிருந்துதான் போகும் என்பதையும் நினைத்துச் சொல்லுங்கள்.

கல்முனை மின்பொறி:
ரீச்சர், நிரலில் பிழை இருக்காது. அந்தக் கருவி அளப்பது ஈரத்தை அல்ல, இரண்டு கால்களுக்கிடையே மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை. நேர்மின்சாரம் ஓயாமல் பாய்ந்தால் மின்பகுப்பு நடந்து ஒரு கால் கரையும். ஆனால் கால் கரைந்தால் கருவி "காய்ந்தது" என்றல்லவா சொல்ல வேண்டும்? மாறிச் சொல்கிறது என்றால் எனக்கு உப்பின் மேல்தான் சந்தேகம். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், மண்ணில் கொஞ்ச ஈரமே இருந்தாலும்.

கரைவதைக் குறைக்கச் செலவில்லாத வழி உண்டு. ஈரமானிக்கு எப்போதும் மின்சாரம் கொடுக்காமல் பலகையில் நிரலால் திறந்து மூடக்கூடிய ஒரு டிஜிட்டல் முனையிலிருந்து கொடுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை திறந்து, வாசித்து, மூடிவிடட்டும். பிறகு வாங்குவதானால் கொள்ளளவு (capacitive) வகை ஈரமானி வாங்குங்கள். அதில் வெறும் உலோகம் மண்ணைத் தொடாது, உப்பும் குறைவாகவே ஏமாற்றும். அதன் மேல் பாகத்தில் உள்ள சில்லுகளுக்கு நகப்பூச்சு பூசிவிடுங்கள், நனையக் கூடாது.

களுவாஞ்சிக்குடி பழைய விவசாயப் போதனாசிரியர்:
தம்பி சொன்னது சரி. நான் கிணற்றைக் கேட்கிறேன், மகள். மோட்டார் போட்டுத்தானே இறைக்கிறீர்கள்? கடலுக்கும் வாவிக்கும் நடுவே உள்ள மணலில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. வேகமாக இழுத்தால் கீழே இருப்பது மேலே வரும். இலை ஓரம் கருகுவது உப்பின் கையெழுத்து. மிளகாய் அதைத் தாங்காது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் நீர் ஆவியாகிப் போகும், உப்பு வேரடியில் தங்கும். கிடைத்தால் நல்ல நீரை ஒரேயடியாக ஊற்றிக் கழுவுங்கள். பாத்தியில் மாட்டெருவும் தும்புத்தூளும் கலந்து, மேலே தென்னோலை பரப்புங்கள். பொன்னாங்காணியைத் தொடாதீர்கள், அது தன்பாட்டில் வளரும்.

கொக்கட்டிச்சோலை அக்கா:
வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரை வயல் மண்ணில் ஊற்றிய தண்ணீர் போகவே மாட்டேன் என்று நிற்கும். உங்கள் மணலில் நிற்கவே மாட்டேன் என்று ஓடும். ஆளுக்கொரு தலையிடி. பொன்னாங்காணி பிழைத்திருந்தால் சுண்டல் செய்யுங்கள், தேங்காய்ப்பூ கடைசியில், அடுப்பை நிறுத்திய பிறகு.

கல்லடி ரீச்சர்:
எல்லாருக்கும் நன்றி. இன்று இரண்டு பூச்சட்டிகளில் ஒரே அளவு காய்ந்த மணல் போட்டோம். ஒன்றுக்கு ஒரு குவளை கிணற்று நீர், மற்றதற்கு ஒரு குவளை உன்னிச்சைக் குளத்திலிருந்து வரும் குழாய் நீர். உப்பில்லாத சட்டியில் வாசிப்பு 540, கிணற்றுச் சட்டியில் 290. எங்கள் கருவியில் எண் இறங்கினால் ஈரம். "ரீச்சர், இது ஈரமானி இல்லை, உப்புமானி" என்றான் பின் வாங்குப் பையன். ஐயா, மோட்டாரை நிறுத்திவிட்டோம், காலையில் வாளியால் அள்ளுகிறோம். மிளகாய்ப் பாத்தியைக் குழாய் நீரால் கழுவியாயிற்று. அக்கா, பொன்னாங்காணி ஒரு கட்டு கிடைத்தது, ஆனால் முப்பத்திரண்டு பேருக்குப் போதாது. முருங்கை இலையையும் சேர்த்துச் சுண்டலாமா?