குல்மார்க் பனிக்கு ஏற்ற ஸ்னோபோர்டு எது? வாங்குமுன் யோசனை தேவை

அரசலாற்றங்கரை:
அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் விவசாயம் பார்க்கிறேன். சம்பா அறுவடை முடிந்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்ட பிறகே எனக்கு ஓய்வு கிடைக்கும் என்பதால், சென்ற இரண்டு ஆண்டுகளும் பிப்ரவரிக் கடைசியில்தான் காஷ்மீரிலுள்ள குல்மார்க் சென்று, இரு காலையும் ஒரே பலகையில் பிணைத்துப் பனிச்சரிவில் வழுக்கி இறங்கும் ஸ்னோபோர்டு கற்றேன். சீர்செய்த சரிவுகளில் இரு பக்கமும் திரும்பி இறங்க இப்போது முடிகிறது. என் எடை 72 கிலோ, உயரம் 174 செ.மீ. ஆனால் வாடகைக்குக் கிடைத்த பலகையோ 162 செ.மீ. நீளமும் வளைந்துகொடுக்காத விறைப்பும் கொண்டது. திரும்பும் இடமெல்லாம் அதன் விளிம்பு பனியில் மாட்டிக் குப்புற விழுந்தேன். பூட்ஸுக்குள் குதிகால் தூக்கிக்கொண்டே இருந்தது. குதிப்பதிலோ வித்தைகளிலோ எனக்கு நாட்டமில்லை. மரங்களுக்கு இடையே மிதிபடாத புதுப்பனியில் இறங்க வேண்டும் என்பதே நெடுநாள் ஆசை. கனடாவிலிருந்து அத்தை மகன் பொங்கலுக்கு வருகிறான், வாங்கி வருவதாகச் சொல்கிறான். பலகை, பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங், பூட்ஸ் மூன்றையும் தரமாக வாங்கக் கையில் பணம் இல்லை. எதற்கு முதலிடம் கொடுக்கலாம்?

வெண்ணாறு:
ஐயா, தயங்காமல் பூட்ஸுக்குக் கொடுங்கள். குதிகால் தூக்கினால், நீங்கள் காலால் சொல்வது பலகையைச் சென்று சேர்வதற்குள் பாதி தொலைந்துவிடும். நீங்கள் விழுந்ததற்குப் பலகையை மட்டும் குறை சொல்ல முடியாது. இந்தப் பூட்ஸின் அளவு பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் குறிப்பதாகும். மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும்போது, சுவரில் குதிகாலை ஒட்டி நின்று, நீளத்தையும் அகலத்தையும் அளந்து அனுப்புங்கள். நேராக நிற்கையில் விரல்நுனி முன்புறத்தை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் சற்றே பின்வாங்க வேண்டும். வெறுங்காலோடு சேற்றில் நடந்து பழகிய பாதம் பெரும்பாலும் அகன்றிருக்கும், ஆகவே அகல வடிவத்தைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். நீளத்தைக் கூட்டி அகலத்தைச் சரிக்கட்டினால் குதிகால் மறுபடியும் தூக்கும். பைண்டிங்கைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பூட்ஸின் அளவுக்கும் விறைப்புக்கும் பொருந்தினால் போதும்.

குடமுருட்டி:
வேலை நிமித்தமாக ஜப்பானின் ஹொக்கைடோவில் சில குளிர்காலங்களைக் கழித்தவன் என்ற முறையில் பலகையைப் பற்றிச் சொல்கிறேன், தம்பி. தரையில் வைத்தால் நடுப்பகுதி வில்லைப் போல் எழும்பி நிற்பது கேம்பர். நாம் ஏறி நின்றதும் எடை விளிம்பு நெடுகப் பரவுவதால் இறுகிய பனியில் நல்ல பிடிப்பைத் தரும். ஆனால் சிறு பிழையையும் பொறுக்காது. தோணியின் அடியைப் போல் நடு தாழ்ந்து முனைகள் உயர்ந்திருப்பது ராக்கர்; அது புதுப்பனியில் மிதக்கும், இறுகிய பனியிலோ நழுவும். உங்களுக்கு இரண்டும் கலந்தது வேண்டும்: காலடியில் கேம்பர், மூக்கில், அதாவது பலகையின் முன்முனையில், ராக்கர். இரு முனையும் ஒன்றுபோல் இருக்கும் ட்வின் வடிவம் பின்புறமாகவும் ஓட்டி வித்தை செய்பவர்களுக்கு உகந்தது. உங்கள் ஆசைக்கு ஏற்றது டைரக்ஷனல் வடிவமே. அதில் நிற்கும் இடம் சற்றுப் பின்தள்ளி இருப்பதால் மூக்கு பனிக்குள் புதையாது. நீளத்தை உயரத்தைவிட எடையே தீர்மானிக்கிறது. 72 கிலோவுக்கு 156 முதல் 158 வரையில், நடுத்தர விறைப்பில் எடுங்கள். பலகையின் நடுவில் உள்ள அகலத்தையும் (இடுப்பகலம் என்பார்கள்) பாருங்கள், பலகை குறுகலாக இருந்தால் பூட்ஸின் நுனி பனியில் உரசும்.

வெட்டாறு:
மேலே சொன்னவற்றில் பிழையில்லை. எனினும் ஆண்டுக்குப் பத்து நாள் ஓட்டுபவர் இப்போதே பலகை வாங்குவதை நான் ஏற்கவில்லை. மீதி நாள் முழுவதும் அது நம் வீட்டுப் பரணில்தான் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் எஃகு விளிம்பு துருப்பிடித்துவிடும். வாங்கினாலும், துடைத்து உலர்த்தி, அடிப்பகுதியையும் விளிம்பையும் மூடுமாறு தடிமனாக மெழுகு பூசி வைக்க வேண்டும். அதைவிட, குடமுருட்டி அண்ணன் சொன்ன அளவைக் கேட்டு அங்கேயே வாடகைக்கு எடுங்கள், மிச்சப் பணத்தை உயிர்காக்கும் கருவிகளுக்குச் செலவிடுங்கள். மரங்களுக்கு நடுவே உள்ளதும், கொண்டோலா என்ற கம்பிவட ஊர்தியின் இரண்டாம் கட்டத்துக்கு மேல் உள்ளதும் சீர்செய்த சரிவு அல்ல. நீங்கள் செல்லும் அதே பிப்ரவரியில், 2024-இல், குல்மார்க்கில் ஏற்பட்ட பனிச்சரிவில் ரஷ்யாவைச் சேர்ந்த ஒருவர் உயிரிழந்தார். புதைந்தவரைக் கண்டறியும் டிரான்ஸீவர், துழாவும் நீள்கம்பி, மண்வாரி ஆகிய மூன்றையும் உடன் வருபவர் ஒவ்வொருவரும் வைத்திருக்க வேண்டும், பயன்படுத்தவும் பழகியிருக்க வேண்டும். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் அங்கே இறங்காதீர்கள்.

அரசலாற்றங்கரை:
மூவருக்கும் நன்றி. நேற்று மாலை அளந்தேன்: நீளம் 27.3, அகலம் 11 செ.மீ. அகலமான பூட்ஸும் டிரான்ஸீவரும் வாங்கி வருமாறு அத்தை மகனிடம் சொல்லிவிட்டேன். பலகையை இந்த முறையும் வாடகைக்கே எடுக்கிறேன். 157-ஐ ஒட்டிய நீளத்தில், மூக்கில் ராக்கர் உள்ளதாகக் கேட்டுப் பார்த்து, கிடைத்தது எப்படி ஓடியது என்று மாசி முடிவில் இங்கேயே எழுதுகிறேன்.